கிளாக்கோமா ஆபரேஷன்: பில் கட்டின பிறகுதான் செலவே ஆரம்பிக்குது

கண் ஆபரேஷன்னு சொன்னாலே நம்ம வீடுகள்ல எல்லாருக்கும் ஞாபகம் வர்றது கேடராக்ட்தான். காலையில போய் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம், கொஞ்ச நாள்ல பாட்டி ஊசியில நூல் கோக்குறாங்க, செலவு பண்ண காசு கண்ணுக்கு முன்னாடி தெரியுது. அதே நினைப்புலதான் நிறைய பேர் அப்பாவோட கிளாக்கோமா ஆபரேஷனுக்கும் பட்ஜெட் போடறாங்க. ஆஸ்பத்திரி பில் எவ்வளவு, இன்ஷூரன்ஸ் எவ்வளவு தரும், கையில இருந்து எவ்வளவு போடணும், ஆபீஸ்ல ரெண்டு நாள் லீவ். கணக்கு முடிஞ்சது.

என் கருத்து என்னன்னா, அங்கேதான் கணக்கு ஆரம்பிக்குது. அடுத்த மூணு மாசத்துக்குப் பணமும் ஆளும் லீவும் ஒதுக்காம கிளாக்கோமா ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கிறது, டவுன் பேமென்ட் மட்டும் கையில வெச்சுக்கிட்டு ஃபிளாட் புக் பண்ற மாதிரி. நம்ம சேனல்ல ஹெல்த் இன்ஷூரன்ஸ் பத்தி எவ்வளவோ பேசியாச்சு. ஆனா டிஸ்சார்ஜ் ஆன பிறகு நடக்கிறதைப் பத்தி யாருமே கேக்கறதில்ல. அதனால இன்னைக்கு அதை மட்டும் பேசலாம்.

கொஞ்சம் மருத்துவம் பேசிட்டுப் பணத்துக்கு வரேன், ஏன்னா இதைப் புரிஞ்சுக்காம அதைப் புரிஞ்சுக்க முடியாது. கண்ணுக்குள்ள ஒரு திரவம் ஊறிக்கிட்டே இருக்கு, ஒரு வடிகால் வழியா வெளியேறிக்கிட்டே இருக்கு. வடிகால் சரியா வேலை செய்யலேன்னா உள்ளே அழுத்தம் ஏறும். பொதுவா 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரைக்கும் சாதாரணம்னு சொல்வாங்க. சிலருக்கு அந்த அளவுக்குள்ள இருந்தாலும் நோய் வரும். அந்த அழுத்தம் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமா அரிக்குது. பெரும்பாலும் வலி இல்லை. முதல்ல ஓரப் பார்வை போகும், நடுப் பார்வை கடைசி வரைக்கும் நல்லாவே இருக்கும், அதனால ஆளுக்கே தெரியாது. போனது திரும்ப வராது. சொட்டு மருந்தாலயும் லேசராலயும் அழுத்தம் போதுமான அளவு இறங்கலேன்னா டாக்டர் ஆபரேஷன் சொல்றார். அதிகமா செய்யறது ட்ராபெக்குலெக்டமி. மேல் இமைக்கு அடியில, கண்ணோட வெள்ளைப் பகுதியில, திரவம் வெளியேற புதுசா ஒரு சின்ன வழி திறப்பாங்க. அது வடிஞ்சு தங்கற இடத்துல கொப்புளம் மாதிரி ஒரு மேடு வரும், அதுக்கு 'ப்ளெப்'னு பேர். சிலருக்கு இது போதாம டியூப் வைப்பாங்க. (நம்ம மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையோட ஆரோலேப் தயாரிக்கிற டியூப் இம்ப்ளான்ட், வெளிநாட்டுல இருந்து வர்றதைவிடப் பல மடங்கு மலிவு. டியூப் தேவைன்னு சொன்னா எந்த டியூப்னு விலையோட கேளுங்க, தப்பே இல்லை.)

இப்ப முக்கியமான இடம். உடம்போட வேலை காயத்தை ஆத்தறது. இந்த ஆபரேஷன்ல மட்டும் அந்த வழி முழுசா ஆறி மூடிக்கக் கூடாது. மூடிக்கிட்டா அழுத்தம் பழையபடி ஏறும், நீங்க கட்டின மொத்தப் பணமும் வீண். அதுக்காகத்தான் வாரக் கணக்குல ஸ்டீராய்டு சொட்டு போடச் சொல்றாங்க, அதுக்காகத்தான் திரும்பத் திரும்ப வரச் சொல்றாங்க. திரவம் அதிகமா வடியுதா, கம்மியா வடியுதான்னு பார்த்து, தேவைப்பட்டா தையலை லேசரால தளர்த்துவாங்க, சில சமயம் ஊசியால தழும்பைப் பிரிச்சு விடுவாங்க. இதெல்லாம் ஆபரேஷன் சரியில்லாததால நடக்கிறது இல்ல. இதுவும் ஆபரேஷன்தான், ரெண்டு மூணு மாசத்துக்குப் பிரிச்சுப் பிரிச்சு நடக்குது. "மறுநாள் கட்டு பிரிச்சாச்சு, நல்லா இருக்காருன்னு சொல்லிட்டாங்க, இனிமே எதுக்கு அவ்வளவு தூரம் அலையணும்"னு நிறுத்தறவங்க, பாதியிலயே ஆபரேஷன் டேபிள்ல இருந்து எழுந்து வந்த மாதிரி.

நிறுத்தறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, அது இன்னும் கஷ்டமானது. இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் பார்வை கூடாது. முதல் சில வாரம் முன்னைவிட மங்கலாகவே இருக்கலாம். கண்ணுல மணல் விழுந்த மாதிரி உறுத்தும், தண்ணி வடியும். அப்பா என்ன சொல்வார்? "இவ்வளவு காசு கொட்டி என்ன பிரயோஜனம், முன்னாடியே நல்லாத் தெரிஞ்சுது." நீங்களும் மனசுக்குள்ள அதையேதான் நினைப்பீங்க. டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுத்தவங்களுக்கு இது புரியும். வருஷா வருஷம் பிரீமியம் கட்டறோம், கையில ஒண்ணும் வர்றதில்ல, ஒண்ணும் வராததுதான் லாபம். இந்த ஆபரேஷன்ல வாங்கறதும் அப்படி ஒரு பொருள்தான்: இனிமே போகாம இருக்கிற பார்வை. இதை ஆபரேஷனுக்கு முன்னாடியே வீட்ல உட்கார வெச்சுப் பேசிடுங்க. டாக்டர் அவசரத்துல ஒரு வரியில சொல்லிட்டுப் போயிருப்பார், அப்பா காதுல அது விழுந்திருக்காது.

சரி, பணம். ஒரு உதாரணக் கணக்கு போடறேன், தொகைகள் நான் வெச்சுக்கிட்டது, உங்க ஊர் தூரத்துக்கு மாத்திக்கோங்க. அப்பா அம்மா மன்னார்குடியில, ஆபரேஷன் மதுரையில, நீங்க சென்னையில. மறுநாள், ஒரு வாரம் கழிச்சு, அப்புறம் கொஞ்ச நாளைக்கு வாரா வாரம், பிறகு இடைவெளி விட்டு விட்டுன்னு மூணு மாசத்துல எட்டு தடவை வரச் சொல்றாங்கன்னு வெச்சுக்கலாம். துணைக்கு ஒருத்தரோட போக வர, சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு 1,500. கன்சல்டேஷன், டெஸ்ட் 500. எட்டு தடவைக்கு 16,000. சொட்டு மருந்து மாசம் 800 வீதம் 2,400. நீங்க மூணு தடவை சென்னையில இருந்து வந்து போக 3,000. மொத்தம் 21,400 ரூபாய். இதை யாரும் பட்ஜெட்ல எழுதறதில்ல. ஒரே நாள்ல கேட்டா எப்படியாவது புரட்டிடுவோம், ரெண்டாயிரம் ரெண்டாயிரமா கேட்கும்போதுதான் "அடுத்த வாரம் பாத்துக்கலாம்"னு தள்ளிப் போடத் தோணும். அந்த ஒரு வாரத்துல வழி அடைஞ்சு போகலாம்.

அதனால ஆபரேஷனுக்கு முன்னாடியே இந்தத் தொகையை அம்மா அக்கவுண்ட்ல மொத்தமா போட்டுடுங்க. ஒவ்வொரு தடவையும் பையன்கிட்ட கேக்கணுமேன்னு தயங்கித்தான் பாதி பெற்றோர் செக்கப்பைத் தவிர்க்கறாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கிறதுலயும் எனக்கு ஒரு பிடிவாதமான அபிப்பிராயம் இருக்கு. 400 கிலோமீட்டர் தாண்டி இருக்கிற பெரிய பேரைவிட, ரெண்டு மணி நேரத்துல போக முடிகிற, கிளாக்கோமாவுக்குன்னே தனி டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரி மேல். ஒரு தடவை போறதுன்னா எங்கே வேணா போகலாம், இது எட்டு தடவை. தூரமாத்தான் போகணும்னா, இடைப்பட்ட செக்கப்பைப் பக்கத்துல இருக்கிற அவங்க கிளையில பார்த்துக்கலாமான்னு அட்மிஷனுக்கு முன்னாடியே கேளுங்க. 'பேக்கேஜ்'னு ஒரு தொகை சொல்லும்போது, அதுல எத்தனை நாள் வரைக்கும் செக்கப் அடக்கம், தையல் லேசரும் ஊசியும் தேவைப்பட்டா தனியா காசான்னும் கேளுங்க. கையில பணமே இல்லைன்னா அரசு ஆஸ்பத்திரியை இளக்காரமா நினைக்காதீங்க. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல ஆரம்பிச்சது, உலகத்திலேயே பழமையான கண் ஆஸ்பத்திரிகள்ல ஒண்ணு.

இன்ஷூரன்ஸ் பக்கம் வருவோம். 24 மணி நேரம் அட்மிட் ஆகலைன்னாலும் டே கேர் சிகிச்சையா இது கவர் ஆகும், அதுல பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆனா தனிநபர் பாலிசிகள் பலதுல கேடராக்ட், கிளாக்கோமா மாதிரி கண் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, பெரும்பாலும் ரெண்டு வருஷம். ஏற்கெனவே நோய் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா அது தனி. 2024-லிருந்து அதுக்கான அதிகபட்சம் 36 மாசம்னு ஐஆர்டிஏஐ குறைச்சிருக்கு. கம்பெனி குரூப் பாலிசியில பெரும்பாலும் இந்தக் காத்திருப்பே கிடையாது, பெற்றோரைச் சேர்த்திருந்தா முதல் நாளே கவர். அதனால அப்பாவுக்கு ஆபரேஷன் தேவைப்படலாம்னு டாக்டர் சொல்லியிருக்கிற சமயத்துல வேலை மாறப் போறீங்கன்னா, ஆஃபர் லெட்டர்ல சிடிசி பார்க்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: பெற்றோருக்குக் கவர் உண்டா, எந்தத் தேதியிலிருந்து? பழைய கம்பெனி கவர் உங்க கடைசி நாளோட முடிஞ்சுடும். நடுவுல விழுந்த ஒரு மாசத்துல செக்கப்பும் நிக்கக் கூடாது, ஆபரேஷனும் தள்ளக் கூடாது. முப்பது சதவீத ஹைக்கைவிட இது பெருசான்னு கேட்டா, அந்த ஒரு மாசத்துக்கு ஆமா, பெருசு. குரூப் பாலிசியில இருந்து அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியோட தனி பாலிசிக்கு மாற வழி இருக்கு, காத்திருந்த காலமும் கணக்குல வரும். ஆனா வெளியே வர்றதுக்கு முன்னாடியே விண்ணப்பிக்கணும்.

நிறைய பேர் விட்டுடற பணம் ஒண்ணு இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் பிந்தைய செலவு. பாலிசியைப் பொறுத்து டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து 60 நாள், 90 நாள், சிலதுல 180 நாள் வரைக்கும் அதே நோய்க்கான மருந்து, கன்சல்டேஷன், டெஸ்ட் எல்லாம் திரும்பக் கிடைக்கும். கேஷ்லெஸ்ல பில் முடிஞ்சதும் நாம ஃபைலை மூடிடறோம். சொட்டு மருந்து வாங்கின பில்லை மெடிக்கல்காரர் தந்த கவரோடவே குப்பையில போடறோம். ஒவ்வொரு பில்லுக்கும் டாக்டர் சீட்டு ஒண்ணு பக்கத்துல இருக்கணும், பேர் சரியா இருக்கணும். அந்தக் காலம் முடிஞ்சு 15 நாளுக்குள்ள அனுப்பணும்னு பல பாலிசிகள் சொல்லும், உங்களோடது என்னன்னு பாருங்க. மேலே போட்ட கணக்குல பயணச் செலவு கிடைக்காது, ஆனா மருந்தும் ஃபீஸும் சேர்த்து 6,400 ரூபாய், அதுல பெரும்பகுதியை வாங்கிடலாம். அம்மாவுக்கு வாட்ஸ்அப்ல போட்டோ எடுக்கத் தெரிஞ்சா போதும், அன்னன்னைக்கு பில்லை அனுப்பிடச் சொல்லுங்க. ஒரிஜினலையும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுல போட்டு வைக்கட்டும்.

அந்தக் காலத்துக்கு அப்புறம் வர்ற சொட்டு மருந்துக்கும் செக்கப்புக்கும் சாதாரண பாலிசி ஒண்ணும் தராது, அது ஓபி செலவு. இங்கே ஒரு வேடிக்கை: மாசம் 21,000 ரூபாய் வரைக்கும் சம்பளம் வாங்கி ஈஎஸ்ஐயில இருக்கிறவங்களுக்கு ஓபி மருந்தும் உண்டு, அவங்களை நம்பி இருக்கிற பெற்றோருக்கும் உண்டு. உங்களுக்கே ஆபரேஷன்னா, லீவ் நாட்களுக்கு 70 சதவீத சம்பளம் வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் வாங்க வழி இருக்கு. ஈஎஸ்ஐன்னா முகத்தைச் சுளிக்கிற ஐடி நண்பர்கள்கிட்ட இந்த வசதி கிடையாது.

வரியில ஒரு வழி இருக்கு, பழைய முறையில இருக்கிறவங்களுக்கு மட்டும். 60 வயசு தாண்டின பெற்றோருக்கு ஹெல்த் பாலிசியே இல்லைன்னா, அவங்க மருத்துவச் செலவையே 80டியில 50,000 ரூபாய் வரைக்கும் காட்டலாம். சொட்டு மருந்தும் சேரும். கேஷ்ல கொடுத்தா செல்லாது, யுபிஐயில கொடுங்க. 80டிடிபியில காட்டலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அந்த நோய்ப் பட்டியல்ல கிளாக்கோமா இல்லை.

மருந்துப் பாட்டிலைப் பத்தியும் சொல்லணும், இதுலயும் காசு சொட்டுது. ஒரு மில்லிக்குத் தோராயமா 20 சொட்டு, 5 மில்லி பாட்டில்ல 100 சொட்டு. ஒரு கண்ணுக்கு ஒரு நாளைக்கு ஆறு வேளைன்னா 16 நாள் வரணும். அப்பாவே கை நடுங்க போட்டுக்கிட்டு, கன்னத்துல ரெண்டு, கண்ணுல ஒண்ணுன்னு விழுந்தா ஆறு நாள் கூட வராது. ஒரு வேளைக்கு ஒரு சொட்டு போதும், அதுக்கு மேல கண்ணுல நிக்காது. வேற ஒருத்தர் போட்டு விடறதுதான் நல்லது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, பாட்டில் நுனி கண்ணுலயோ இமையிலயோ படாம. ரெண்டு மருந்து இருந்தா நடுவுல அஞ்சு நிமிஷம் விடணும். பால் மாதிரி வெள்ளையா இருக்கிற ஸ்டீராய்டு சொட்டைக் குலுக்கிட்டுப் போடணும், இல்லேன்னா தண்ணி மட்டும்தான் விழும். பாட்டிலைத் திறந்த தேதியை மேலேயே எழுதிடுங்க, பொதுவா நாலு வாரத்துக்கு மேல வெச்சுக்கக் கூடாது, மிச்சம் இருந்தாலும்.

எந்தக் கண்ணுக்கு எதுன்னு ஒரு பேப்பர்ல பெருசா எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டுங்க. ஏன் சொல்றேன்னா, ஆபரேஷன் ஆன கண்ணுக்குப் பழைய அழுத்த மருந்தை நிறுத்தச் சொல்வாங்க பெரும்பாலும், ஆனா இன்னொரு கண்ணுக்குத் தொடரணும். வீட்ல ரெண்டையும் சேர்த்து நிறுத்திடறாங்க. அதே மாதிரி ஸ்டீராய்டை டாக்டர் சொன்னபடிதான் படிப்படியா குறைக்கணும். 'நல்லா கேக்குது'ன்னு மெடிக்கல்ல அதே பாட்டிலைத் திரும்பத் திரும்ப வாங்கிப் போட்டா, அந்த ஸ்டீராய்டே அழுத்தத்தை ஏத்தும். விளக்கெண்ணெய், ரோஸ் வாட்டர், நந்தியாவட்டைப் பூ, பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னது எதுவும் அந்தக் கண்ணுக்குள்ள போகக் கூடாது.

மத்தபடி வீட்ல பார்த்துக்க வேண்டியதை டிஸ்சார்ஜ் சீட்டுல போட்டிருப்பாங்க. கண்ணைத் தேய்க்கக் கூடாது, தூங்கும்போது கண் கவசம், தலைக்கு ஊத்திக்கிறது கொஞ்ச நாளைக்குத் தள்ளிவைக்கணும், குடம், சிலிண்டர் தூக்கக் கூடாது, குனிஞ்சு வேலை செய்யக் கூடாது. சாமி முன்னாடி சாஷ்டாங்கமா விழறதும் குனியறதுதான், அதைச் சீட்டுல போட மாட்டாங்க. மலச்சிக்கலோட முக்கறதும் ஆகாது, வாழைப்பழம் வாங்கி வைங்க. டிவி, மொபைல் பார்க்கறதால கெட்டுப் போகாது, கண் காயாம இடைவெளி விட்டாப் போதும். உங்களுக்கே ஆபரேஷன்னா டெஸ்க் வேலைக்கு ஒண்ணு ரெண்டு வாரத்துல திரும்பலாம்னு டாக்டர் சொல்லக்கூடும், பைக்கும் ஜிம்மும் அதைவிடத் தள்ளிப் போகும். சிரசாசனம் போடறவங்க கண்டிப்பா டாக்டரைக் கேட்காம போடக் கூடாது, தலைகீழா நிக்கும்போது கண் அழுத்தம் பலமா ஏறும்.

புதுக் கண்ணாடி உடனே வாங்காதீங்க. முதல் ரெண்டு மூணு மாசம் பவர் மாறிக்கிட்டே இருக்கும். பார்வை மங்கலா இருக்கேன்னு முதல் மாசமே 6,000 ரூபாய்க்கு புரொகிரசிவ் கண்ணாடி போட்டா, மூணாவது மாசம் அது டிராயருக்குள்ள போயிடும்.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் காசு, லீவ், தூரம் எதையும் யோசிக்காதீங்க. ஆபரேஷன் ஆன கண் சிவந்து, வலிச்சு, சீழ் மாதிரி வந்து, வெளிச்சம் கூசி, பார்வை திடீர்னு குறைஞ்சா அன்னைக்கே ஆஸ்பத்திரி. ப்ளெப் வழியா கிருமி உள்ளே போற ஆபத்து முதல் மாசத்தோட முடியறதில்ல, அது இருக்கிற வரைக்கும் உண்டு, அஞ்சு வருஷம் கழிச்சும் வரலாம். சாதாரண மெட்ராஸ் ஐன்னு ரெண்டு நாள் பார்த்துட்டுப் போறதுக்குள்ள கண்ணே போயிடும். எமர்ஜென்சி ஃபண்டுன்னு லிக்விட் ஃபண்ட்ல போட்டு வெச்சிருக்கோமே, பணம் கைக்கு வர அடுத்த நாள் ஆகும். அப்பா அம்மா ஊர்ல ஒரு 10,000 ரூபாய் சேவிங்ஸ் அக்கவுண்ட்லயே சும்மா கிடக்கட்டும், நாலு சதவீத வட்டிகூட வராட்டாலும் பரவாயில்லை.

லீவ் விஷயம் கடைசியா. தமிழ்நாட்டுல கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி உங்களுக்கு உடம்பு சரியில்லேன்னா சிக் லீவ் தனியா உண்டு, அப்பாவைக் கூட்டிட்டுப் போறது அதுல வராது, கேஷுவல் லீவ்லதான் கழியும். எட்டு செக்கப்புக்கும் நீங்களே போக முடியாது. அண்ணன், தங்கை, மாமான்னு தேதி போட்டுப் பிரிச்சுக்கோங்க. முதல் வாரத்தையும் மூணாவது மாசக் கடைசியையும் நீங்க எடுத்துக்கோங்க, ஏன்னா அந்தக் கடைசி செக்கப்ல எல்லாருக்கும் சலிச்சுப் போயிருக்கும். ஊர்ல இருக்கிற தம்பி தினக்கூலின்னா, அவன் வர்ற நாளுக்கான கூலியை நீங்க கொடுத்துடுங்க. அதைக் கணக்குல எழுதுங்க, உதவின்னு விட்டுடாதீங்க.

அப்புறம் நீங்க. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கிளாக்கோமான்னா உங்களுக்கு வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆபீஸ் ஹெல்த் கேம்ப்ல சுவர்ல எழுத்துப் படிச்சு 'கண் ஓகே'ன்னு எழுதிக் கொடுத்தது இதுக்கு உதவாது, அது பவர் டெஸ்ட். கண் அழுத்தமும், பாப்பாவைப் பெருசாக்கிப் பார்வை நரம்பும் பார்க்கணும்னு கேட்டு வாங்குங்க. அலர்ஜிக்குன்னு நீங்களே மெடிக்கல்ல ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போடற பழக்கம் இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, சின்ன வயசுலயே கிளாக்கோமா வர்றதுக்கு அது ஒரு காரணம். பழைய வரி முறையில இருந்தா அந்தச் செக்கப் பில்லை எடுத்து வைங்க, 80டியில தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரைக்கும் இடம் இருக்கு, இதை மட்டும் கேஷ்ல கொடுத்திருந்தாலும் ஏத்துக்குவாங்க. அப்பாவோட அடுத்த செக்கப் என்னைக்கோ, அன்னைக்கே உங்களுக்கும் ஒரு டோக்கன் போட்டுடுங்க.